இருபது சாஜிதாக்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்க வேண்டாம். என் மடிக்கணினி அரை டம்ளர் காபியைக் குடித்துவிட்டு மூர்ச்சையானதால் கிடைத்த கதை இது. தஞ்சாவூரில் இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடைக்காரர் மட்டும், குடவாசலில் சாஜிதா என்று ஓர் அம்மா இருக்கிறார், அவர் கை வைத்தும் எழவில்லை என்றால் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார். பஸ் ஏறினேன்.

சாஜிதாவின் கடை ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என் கணினியைத் திறந்து பார்த்தவர், சர்க்கரை தூக்கலாகக் குடிப்பீர்கள் போலிருக்கிறதே என்றார். அதைத் துடைத்துக் காயவைக்கும் நேரத்தில், தன் பெயர் இருபது இடத்தில் முளைத்த கதையைச் சொன்னார். வாய் பிளந்து கேட்டேன். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஒரு திருகாணியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"எழுதிக்குங்க சார். ஆனா கதையில நான் அழக் கூடாது. தோத்துப்போயி நிக்கவும் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா எழுதுங்க."

ஒத்துக்கொண்டேன். புது மென்பொருள் போடும்போது நீளமாக நிபந்தனைகள் வருமே, அவற்றின் அடியில் இருக்கும் 'சம்மதம்' பொத்தானை நீங்களும் நானும் எப்படி அழுத்துவோமோ, அப்படி.

[அந்த நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரே மனிதப்பிறவி, நான் அறிந்து, சாஜிதாதான். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.]

2

முதல் தொடக்கம்:

'மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குடவாசல் பேருந்து நிலையத்தில் அவள் தனியாக நின்றாள். கையிலிருந்த தேநீர் ஆறிக்கொண்டிரு—'

நிறுத்திவிட்டேன். நடந்தது ஆனி மாதம். மழையாவது மண்ணாங்கட்டியாவது. மேட்டூர் திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் வந்திருந்த சமயம் அது. ஊரே சேற்றில் இறங்கி நின்றது. இந்த மழை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விடை கேவலமாக இருக்கிறது. என் கணினியில் 'மாதிரி' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் மழை, பேருந்து நிலையம், தனியாக ஒரு பெண், ஆறிப்போகும் தேநீர் எல்லாம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும். கதை கேட்டு யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், அதைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பேன். அப்படிச் செய்த ஒன்றுக்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன், போங்கள்.

இரண்டாம் தொடக்கம்:

'இயங்குதளம் என்பது யாதெனில்—'

இதுவும் வேண்டாம், நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே நகர முடியாது. கடையில் புதுக் கணினி வாங்கினால் அதை இயக்கும் மென்பொருள் உள்ளேயே போட்டு வரும். அதன் உரிமம் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்தான். இருபது பெட்டி வாங்கினால் இருபது உரிமம். சரி, ஒரே ஒரு பெட்டியை மட்டும் அலுவலகத்துக்குத் தேவையானபடி தயார் செய்து, அதை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் இறக்கலாமா? பெட்டியோடு வந்த பிரதியைக் கொண்டு அப்படிச் செய்யக் கூடாது என்கிறது நிபந்தனை. எல்லாப் பெட்டிக்கும்தான் உரிமம் இருக்கிறதே, பிறகென்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வைத்தியலிங்கமும் அதையேதான் கேட்டார்.

3

வைத்தியலிங்கம் நெல் விவசாயி. குடவாசல் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனிக்குத் தலைவர். [கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.] பாரம்பரிய அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தம் ஒன்று அவர்களுக்குக் கனிந்து வந்திருந்தது. எந்த மூட்டை எந்த வயலில் விளைந்தது என்று வாங்குபவர் கேட்டால் திரையில் காட்ட வேண்டும். அதற்காக வாங்கியவைதான் அந்த இருபது கணினிகள். அமைத்துக் கொடுக்கும் வேலை சாஜிதாவுக்கு. குத்தாலத்திலிருந்து முத்துப்பேட்டை வரை இதேபோன்ற கம்பெனிகள் இந்த வேலை எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. பெயரெடுத்தால் அவை எல்லாம் சாஜிதாவைத் தேடி வரும். கெட்டுப்போனால் உரக்கடை மாடியில் காபி குடித்த கணினிகளைத் துடைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

ஒரு கணினியை மட்டும் அவர் முதலில் வெள்ளோட்டமாகத் தயார் செய்தார். வெள்ளோட்டம்தானே என்று அதற்குத் தன் பெயரையே வைத்தார். திரையில் தன் படத்தையும் போட்டார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் உட்கார்ந்து எடுத்த படம், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. பாதுகாப்புக்காக அதை அப்படியே ஒரு வெளி வட்டில் நகலெடுத்து அலுவலகத்திலேயே வைத்தார். மற்றவற்றில் இறக்குவதற்குத் தனியாக ஓர் உரிமை வாங்க வேண்டும், திரும்பி வந்து ஏற்பாடு செய்கிறேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, சித்தி மகள் ஜஸீலாவின் நிக்காஹுக்கு முத்துப்பேட்டை போனார்.

இந்த இடத்தில் டெல்டாவின் வழக்கம் ஒன்றை வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வருஷங்களில், போர்செட் வைத்திருக்கும் ஒருவர் வயலில் பல பேருக்கும் சேர்த்து நாற்று விட்டுவைப்பார்கள். சமுதாய நாற்றங்கால் என்று பெயர். தண்ணீர் வந்ததும் யார் வயல் தயாரோ அவர் போய்ப் பறித்து நட வேண்டியதுதான். அந்த நேரத்தில் யாரும் வயல்காரரைத் தேடிப்போய் அனுமதி கேட்பதில்லை. கேட்டால்தான் வருத்தம், என்னை அந்நியனாக நினைத்துவிட்டாயா என்று. தாமதித்தாலோ நாற்றுக்கு வயசாகிவிடும், நட்டாலும் தூர் கட்டாது.

இப்போது வைத்தியலிங்கத்தின் கண்ணால் அந்த அலுவலகத்தைப் பாருங்கள். ஒன்று தளதளவென்று தயாராக இருக்கிறது. மற்றவை தரிசாகக் கிடக்கின்றன. அந்த வெளி வட்டில் நாற்று இருக்கிறது. அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

மேலாளர் ராஜராஜன் கணினி படித்தவர். நகலை இறக்க அவருக்குத் தெரியும். அந்த அம்மா தனி உரிமை என்று ஏதோ சொன்னாரே என்று அவர் இழுத்திருக்கிறார். அது காகித வேலை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். நடவு தொடங்குவதுபோலவே வடகிழக்கு மூலையிலிருந்த கணினியில் தொடங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பெட்டியின் பக்கவாட்டில் வழவழவென்று சின்னதாக ஒரு சதுரம் சந்தனத்துக்கென்றே விட்டுவைத்ததுபோல் இருந்தது. அதன்மேல் கெட்டியாக அப்பினார்கள்.

[அந்தச் சதுரம்தான் இந்தப் பெட்டிக்கு உரிமம் உண்டு என்று சொல்லும் ஒட்டுவில்லை.]

4

வாங்குபவர் சார்பில் எல்லாவற்றையும் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஷோபனா வந்தார். அடுத்த வாரம் வருவதாக இருந்தவர், முன்கூட்டியே வந்துவிட்டார். இவரை வில்லியாக்கிவிடலாமா என்று கை பரபரத்தது. கறுப்புக் கண்ணாடி, கடுகடுப்பு என்று இரண்டு வரிகூட எழுதினேன். அடித்துவிட்டேன். தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற பெண்மணி, அவ்வளவுதான்.

ஷோபனா ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்யாண வீட்டு இனிப்பான வட்டிலப்பத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சாஜிதா உள்ளே நுழைந்தார். எதிரில் அவரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலும் அவர். சுவரோரமாக வரிசையாக அவர். இருபது படகுகள், இருபது சிரிப்புகள். எல்லாத் திரையிலும் ஒரே பெயர். ஒரே பெயரில் இருபது இருந்ததால் எது எதுவென்று தெரியாமல் அவை ஒன்றோடொன்று பேச மறுத்து, பிழைச் செய்திகளைக் காட்டிக்கொண்டிருந்தன.

"சாஜிதாங்கறது யாருங்க?" என்று கேட்டார் ஷோபனா.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முகம்தான் ஊர்பூராவும் ஒட்டியிருக்கிறதே.

ஷோபனா மரியாதையாகவே சொன்னார். ஒரே பிரதி எல்லாக் கணினியிலும் இருக்கிறது. உரிமத்தைக் காட்டும் அடையாளம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இதைத் திருட்டு நகல் என்றுதான் அறிக்கையில் எழுத முடியும். எழுதினால் ஒப்பந்தம் நிற்கும். இதைச் செய்தவருடைய பெயர் விலக்கப்பட்டவர்கள் பட்டியலில் சேரும். அவர்கள் அரிசி வாங்கும் எந்தக் கம்பெனியிலும் அந்த ஆள் பிறகு வேலை செய்ய முடியாது.

தூக்கை மேசைமேல் வைத்தார் சாஜிதா. ராஜராஜன் தரையைப் பார்த்தார்.

5

இந்த இடத்துக்கு நான் முதலில் எழுதியது:

'வைத்தியலிங்கம் வாய் திறக்கவில்லை. சாஜிதா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி வெளியே நடந்தாள். எங்கிருந்தோ ஒரு துளி மழை—'

மோசமில்லை என்று பட்டது. அழவில்லை, கவனித்தீர்களா? நிபந்தனையை மீறவில்லை என்ற தைரியத்தில் சாஜிதாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"இதுல வெளிய நடந்து போறது யாரு சார்?"

"நீங்கதான்."

"நான் இல்லைங்க. எல்லாக் கதையிலயும் ஒரே ஆளத்தான் எறக்கி விடுறீங்க. எம்பேர மட்டும் மேல ஒட்டியிருக்கீங்க. ராஜராஜன் செஞ்ச வேலையத்தான் நீங்களும் செஞ்சிருக்கீங்க."

சுரீர் என்றது. தலைவர்கள் வாய் திறந்தால் யார் நம்புவார்கள், வாசகர்கள் சிரிப்பார்கள் என்று சமாளித்துப் பார்த்தேன். அவர் திறந்ததை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை என்றார் சாஜிதா. அந்த மனுஷனைக் கெடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

[நான் எழுதிய தலைவர்கள் எல்லோரும் வாய் திறக்காதவர்கள்தான். நிஜத்தில் ஒருவர் திறந்தார் என்றதும் நான் அவரைச் சந்தேகப்பட்டேன், என் கோப்பைச் சந்தேகப்படவில்லை.]

6

நடந்தது இது. வைத்தியலிங்கம் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் சாஜிதாவுக்கும் ஷோபனாவுக்கும் நடுவில் நின்றார்.

"இது அந்தப் பொண்ணு நட்டது இல்லம்மா. நான் நட்டது. அவ ஊர்லயே இல்ல. செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போச்சு, நான்தான் கேக்கல. எழுதறதா இருந்தா வைத்தியலிங்கம்னு எழுதுங்க."

அறுபது வயது மனிதர், தன் கம்பெனியில், தன் ஆட்கள் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னார். இதை எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அழக் கூடாதென்று நிபந்தனை இல்லை.

சாதாரணமாக இங்கேயே கதையை முடித்துவிடுவேன். சாஜிதா முடிக்கவில்லை. தலைவர் பழியை ஏற்றுக்கொண்டால் தன் பெயர் பிழைக்கும், ஒப்பந்தம் பிழைக்காது. தவிர, தப்பித்துவிட்டாள் என்று ஊர் பேசுவதை அவர் விரும்பவில்லை. செய்த வேலை சரி என்று பேச வேண்டும். இதற்குள் ராஜராஜன் தஞ்சாவூரில் ஏதோ ஒரு கடைக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு வந்து, இருபதுக்கும் புதிதாக உரிமம் வாங்கினால்தான் வழி என்கிறார்கள் என்று முணுமுணுத்தார்.

"ஒண்ணும் வேணாம்" என்றார் சாஜிதா. "ஒரு ஈரத்துணி குடுங்க."

7

வடகிழக்கு மூலையிலிருந்து தொடங்கினார். காய்ந்த சந்தனத்தை நனைத்துத் துடைத்ததும் அடியிலிருந்து ஒட்டுவில்லை பளிச்சென்று வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஷோபனா பின்னாலேயே போனார். வில்லை மட்டும் போதாது என்று சாஜிதாவே சொல்லி, ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினார். இப்போது வரும் கணினிகளில் உரிமத்தின் சாவி என்கிற நீளக் குறியீடு உள்ளே தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். மேலே எந்த நகலை இறக்கினாலும் அது அழியாது. திரையில் சாவி வந்தது. அடுத்த கணினியில் வேறு சாவி. எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. வெளியே எல்லாம் சாஜிதா, உள்ளே ஒவ்வொன்றும் தனி ஆள்.

பிறகு அவர் ஷோபனாவின் எதிரே உட்கார்ந்தார். இங்கே திருட்டு எதுவும் இல்லை, இருபதுக்கும் உரிமம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான், நகலெடுத்துப் பரப்பும் உரிமை. பெட்டியோடு வந்த பிரதிக்கு அது கிடையாது. நிறுவனங்களுக்கென்று விற்கும் தொகுப்பு உரிமத்துக்கு அது உண்டு. அதை இருபது பெட்டிக்கும் வாங்க வேண்டியதில்லை, ஒன்றே போதும். அந்த உரிமத்தோடு கிடைக்கும் பிரதியில் ஒரு கணினியைத் தயார் செய்து, மற்றவற்றில் இறக்கலாம். ஒவ்வொரு பெட்டியும் அதே பதிப்புக்குத் தன் சொந்த உரிமத்தை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இங்கே எல்லாம் ஒரே பதிப்பு. இதைச் சொல்லிவிட்டு, நிபந்தனைகளின் பக்கத்தைத் திரையில் திறந்து அந்தப் பத்தியைக் காட்டினார்.

ஷோபனா அந்தப் பத்தியோடு நிற்கவில்லை. முதலிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

[ஒன்றாம் பகுதியில் 'ஒரே மனிதப்பிறவி' என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு பேர்.]

வைத்தியலிங்கம் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் விதை நெல் வாங்கிப் பழகியவர். சான்று பெற்ற விதை மூட்டை ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தைத்திருக்கும்.

"அதாவது பாப்பா, மூட்டைக்கு மூட்டை அட்டை இருக்கு. அதுல குத்தம் இல்ல. பொதுவா நாத்து விடுறதுக்கு மட்டும் தனியா கேட்டுக்கணும். நான் கேக்காம விட்டுட்டேன்."

"அதேதாங்கய்யா."

"இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் கை வச்சிருப்பனா?"

"நீங்க காகித வேலைன்னு சொன்னீங்களே ஐயா."

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் அலுவலகத்தோடு பேசிவிட்டு வந்து, தொகுப்பு உரிமம் வாங்கி, எல்லாவற்றையும் அழித்து முறையாக அமையுங்கள், நான் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். அறிக்கையில் அதுவரை எந்தப் பெயரும் எழுதப்படாது. வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

8

எல்லாம் அழிக்கப்பட்டது. இருபது சாஜிதாக்களும் படகோடு மறைந்தார்கள். தொகுப்பு உரிமத்துக்கு உரிய பிரதியில் ஒரு கணினி தயாரானது. இந்தத் தடவை சாஜிதா அதிலிருந்து தன் அடையாளத்தை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் நகலெடுத்தார். அப்படி எடுத்த நகலை எந்தப் பெட்டியில் இறக்கினாலும், அது அப்போதுதான் கண் விழித்ததுபோல, எனக்கு என்ன பெயர் என்று கேட்கும்.

பெயர் வைக்கும் வேலையைச் சாஜிதா விவசாயிகளிடம் விட்டார். வயல் விவரம் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். முதலில் காத்தான் என்பவர் வெட்டாறு என்றார். அவர் நிலம் அதில் பாய்கிறது. அவ்வளவுதான், அவரவர் ஆறு கிளம்பிவிட்டது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, முடிகொண்டான், ஓடம்போக்கி. சோழசூடாமணிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். முத்துப்பேட்டைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கோரையாறு இல்லாமல் நகர மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காவேரி என்ற பெயரை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவானது. அது எல்லோருக்கும் வேண்டும்.

ஷோபனா மறுபடி வந்தார். தன் கணினியில் அலுவலகத்தின் வலையமைப்பைத் திறந்தார். திரையில் வந்த பெயர்களை வாய்விட்டு வாசித்தார், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. வெண்ணாறு என்றார், சுவரோரக் கணினி பதில் சொன்னது. வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு. ஒவ்வொன்றும் தன் சாவியோடு, தன் பெயரோடு, தன் இடத்திலிருந்து பதில் சொன்னது. எந்த இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. வாசித்து முடித்ததும், இவ்வளவு சுத்தமான அலுவலகத்தை நான் பார்த்ததில்லை என்றார். எங்களுக்கு அரிசி தரும் மற்றக் கம்பெனிகளுக்கும் இதேபோல் அமைத்துத் தர முடியுமா என்று சாஜிதாவைக் கேட்டார்.

அலுவலகமே கைதட்டியது. ராஜராஜன்தான் முதலில் தட்டினாராம். முதல் சரக்கு லாரி கிளம்பியபோது வைத்தியலிங்கம் சாஜிதாவைக் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்துத் தேங்காய் உடைக்கச் சொன்னார். ஒரே போடு, சரிபாதியாக உடைந்ததாம். எனக்கு இந்த இடம் எழுத எழுத ஆசையாக இருக்கிறது. வெற்றியை எழுதி எனக்குப் பழக்கமே இல்லை. இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

9

முடிவு மட்டும் பாக்கி.

பத்தொன்பதுக்குப் பெயர் வைத்தபின் கடைசியாக ஒரு கணினி நின்றது, ஷோபனா வாசித்த பெயர்களில் அது இல்லை. சாஜிதா முதன்முதலில் வெள்ளோட்டமாகத் தயார் செய்த அதே பெட்டி. அதற்கு 'சாஜிதா' என்று வைக்க வேண்டும் என்றார் வைத்தியலிங்கம். பழி சொல்ல வந்த பெயர் பெருமையோடு இங்கேயே இருக்க வேண்டும், பத்து வருஷம் கழித்து யாராவது யார் இந்தச் சாஜிதா என்று கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும் என்றார். அப்படி ஒரு முடிவு எழுதினேன். படித்துவிட்டு என் மனைவி நன்றாக இருக்கிறது என்றாள்.

சாஜிதா மறுத்துவிட்டார்.

"எம்பேர அதுலேருந்து எடுக்கத்தான் சார் இவ்வளவு பாடு. இனிமே அது எங்கிட்டயே இருக்கட்டும். எங்க வைக்கணுமோ அங்க நான் வச்சிக்கிறேன்."

அப்படியும் ஒரு முடிவு எழுதினேன். அதுவும் நன்றாகவே இருக்கிறது. கடை வாசலில் அவர் புதிதாக மாட்டிய பலகை அதில் வருகிறது. சாஜிதா என்று பெரிய எழுத்தில், உரக்கடைப் பலகையைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் பேசித் தீரவில்லை, மற்றவை எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கின்றன, அது மட்டும் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதாக நானே ஒரு பெயர் வைத்துவிடலாம்தான். ஆனால் என் கைவசம் இருந்த பெயர்கள் எல்லாம் அந்த 'மாதிரி' கோப்பில் இருந்தவை. சில வாரம் கழித்து என் கணினியைப் பழுதுபார்த்து முடித்தபோது, உள்ளே இருந்ததை எல்லாம் புது வட்டுக்கு மாற்றிவிடவா என்று சாஜிதா கேட்டார். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

எனவே நீங்கள் வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. ஒரு பக்கம் வைத்தியலிங்கம் நிற்கிறார், மறுபக்கம் சாஜிதா. இரண்டு பேரும் உங்கள் விரலைத்தான் பார்க்கிறார்கள். யோசித்துத் தட்டுங்கள். பெயர் இல்லாத எதையும் நெட்வொர்க்கில் சேர்க்க மாட்டேன் என்று சாஜிதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கணினியின் பெயர்: [                    ]